கடற்பாசி க்ரீம் வாங்கப் போகிறீர்களா? எந்தப் பாசி என்று முதலில் கேளுங்கள்

தமிழில் பாசி என்ற சொல்லுக்கு வேலை ஜாஸ்தி. குளத்துப் படிக்கட்டில் வழுக்கி விடுவதும் பாசி, கழுத்தில் கோத்துப் போடுவதும் பாசி, பிரியாணிக்குக் கல்பாசி, குளிக்கத் தேய்த்துக்கொள்ள பாசிப்பயறு மாவு. மளிகைக் கடையில் போய்க் 'கடல்பாசி' என்று கேட்டால் சைனா கிராஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். நோன்பு மாதத்தில் பாலும் சர்க்கரையும் ஊற்றிக் காய்ச்சி, தட்டில் ஆறவைத்துத் துண்டு போட்டு வைப்பார்களே, அதுதான். இந்த வரிசையில் இப்போது சீரம், டே க்ரீம், ஷீட் மாஸ்க் எல்லாம் சேர்ந்துவிட்டன. டப்பாவில் நீல அலை, பச்சை இலை, நடுவில் 'கடற்பாசிச் சாறு' என்று பெரிதாக ஒரு வரி, முப்பது மில்லிக்கு எண்ணூறு ரூபாய்.

வாங்கலாமா? வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். என் கணக்கில் கடற்பாசி முகத்துக்குச் செய்யும் நல்லதில் முக்கால்வாசி அதன் கொழகொழப்பில் இருக்கிறது. மீதிக் கால்வாசி நம்பிக்கை தரும் ஆராய்ச்சியும் விளம்பரமும் கலந்த ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் சித்தியைக் கட்டிக்கொடுத்தது ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் என்ற கடற்கரை ஊர்ப் பக்கம். பள்ளிக்கூட லீவுக்குப் போனால் கரையில் பாசி காயும் வாடைதான் முதலில் வரவேற்கும். விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு பாறையில் ஒட்டியிருப்பதைப் பறித்து வருவார்கள் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. இவ்வளவு பாசி புழங்கும் கைகள் எப்படி மிருதுவாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை. உப்பும் பாறையும் கீறிக் கீறி, வெடிப்பு விட்ட கைகள். கடலில் இருக்கும் பாசி வேறு, காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்து க்ரீமில் போடும் பாசி வேறு என்பது எனக்கு அப்போதே புரிந்த விஷயம்.

சரி, எந்தப் பாசியில் என்ன இருக்கிறது? பாசிகளை நிறத்தை வைத்துச் சிவப்பு, பழுப்பு, பச்சை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் சிவப்புப் பாசி வகை, இவற்றிலிருந்து வருவது அகர், அதாவது நம் சைனா கிராஸ். பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி வளர்த்து 45 நாளில் அறுவடை செய்கிறார்களே, கப்பாஃபைகஸ், அதுவும் சிவப்பு வகைதான். அதிலிருந்து வருவது காராஜீனன் என்ற பசை. (2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் அந்த வளர்ப்பில் இறங்கியதால் 'பெப்சி பாசி' என்று சொல்பவர்கள் இன்னமும் அங்கே உண்டு.) கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் பழுப்பு வகை, இவற்றில் ஆல்ஜினேட் என்ற பசை. வெளிநாட்டு க்ரீம்களில் அதிகம் வருவது குளிர்க்கடல் பழுப்புப் பாசிகள்: லாமினேரியா, மேக்ரோசிஸ்டிஸ் போன்ற கெல்ப் வகைகளும், ஃப்யூகஸும். ஸ்பைருலினா, அதாவது சுருள்பாசி, இந்தக் கணக்கிலேயே வராது. அது தொட்டியில் வளர்க்கும் நுண்ணுயிர். டப்பாவில் கடல் படம் போட்டு உள்ளே ஸ்பைருலினாவைப் போட்டிருந்தால் அவர்களுடைய தைரியத்தைப் பாராட்டிவிட்டு அடுத்த டப்பாவைப் பாருங்கள்.

இந்தப் பசை எதற்காகப் பாசிக்கு? நீர் வற்றும்போது பாறையில் வெயிலில் கிடக்க வேண்டும், காய்ந்து செத்துவிடக் கூடாது, அலை அடித்தால் முறியவும் கூடாது. அதற்காகச் செல்சுவரில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை வைத்திருக்கிறது. அதையே எடுத்து நம் தோலில் தடவினால் அங்கேயும் அதே வேலை. மேலே மெல்லிய படலமாக உட்கார்ந்து, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்கிறது. தோல் கொஞ்சம் உப்பி நிற்பதால் மெல்லிய கோடுகள் மறைந்த மாதிரி தெரியும், தொட்டால் வழவழப்பாக இருக்கும். முகம் கழுவினால் போய்விடும். இது ஏமாற்று இல்லை, மாய்ஸ்சரைசர் என்றாலே பெரும்பாலும் இதுதான். கிளிசரினும் ஹையலூரானிக் அமிலமும்கூட வேறு வழியில் இதையே செய்கின்றன.

அந்தக் கால்வாசிக்கு வருவோம். பழுப்புப் பாசிகளில் ஃப்யூகாய்டன் என்ற சர்க்கரையும் ஃப்ளோரோடானின் என்ற துவர்ப்புப் பொருட்களும் உண்டு. சோதனைக் குழாயில், வளர்த்த செல்களில் வைத்துப் பார்த்தால் இவை வீக்கத்தைக் குறைக்கின்றன, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன என்று நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் சோதனைத் தட்டில் செல்லின் மேல் நேரடியாக ஊற்றுவதும், கன்னத்தில் தடவி அது தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போகட்டும் என்று காத்திருப்பதும் ஒன்றா? ஃப்யூகாய்டன் பெரிய மூலக்கூறு, லேசில் உள்ளே இறங்காது. மனிதர்களிடம் செய்த சோதனையும் இல்லாமல் இல்லை. 2002-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் ஃப்யூகஸ் சாறு 1 சதவீதம் கலந்த ஜெல்லைத் தினம் இரண்டு வேளையாக ஐந்து வாரம் கன்னத்தில் தடவ, தோலின் மீள்தன்மை கூடியது என்று பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல செய்திதான். அதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்: எந்தப் பாசி, எத்தனை சதவீதம் என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் டப்பாவில் அந்த இரண்டும் இருக்கிறதா?

சுஷியைச் சுற்றும் நோரித் தாளைச் செய்யும் போர்ஃபைரா வகைப் பாசிகளில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருட்கள் இருப்பது உண்மை. பாசிக்கு அது சன்ஸ்க்ரீன். அதற்காக 'இயற்கைச் சன்ஸ்க்ரீன்' என்று பாசி க்ரீமை மட்டும் தடவிக்கொண்டு மே மாத வெயிலில் ஸ்கூட்டியில் போகாதீர்கள். எஸ்பிஎஃப் எண் போட்ட வழக்கமான சன்ஸ்க்ரீன் மேலே வேண்டும். அப்புறம், 'விட்டமின் ஏ, சி, ஈ, தாதுக்கள் நிறைந்தது' என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். முருங்கைக் கீரையிலும்தான் எல்லாம் நிறைந்திருக்கிறது, அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டால் ரத்தம் ஊறுமா?

லேபிளைப் படிக்கும் விதம்

டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். பொருட்பட்டியலில் அளவு அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்பது விதி. ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று பட்டியலில் எழுத மாட்டார்கள், ஆனால் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. பினாக்சிஎத்தனால் என்று ஒரு பதனப்பொருள் பெரும்பாலான க்ரீம்களில் இருக்கும், அதை 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் பாசியின் பெயர் வந்தால், உள்ளே இருப்பது சொட்டு மருந்து அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசனைப் பொருளுக்கும் பின்னால் பாசி நின்றால், அட்டைக்கு அடித்த நீல மைக்குத்தான் காசு.

முன்னால் வந்தாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். 'எக்ஸ்ட்ராக்ட்' என்று வருவது பல சமயம் பாசியைத் தண்ணீரிலோ கிளிசரினிலோ ஊறவைத்து வடித்த திரவம். அதில் உண்மையான பாசிச் சத்து சில சதவீதம்தான், மீதி ஊறவைத்த திரவம். '5 சதவீதம் கடற்பாசிச் சாறு' என்றால் ஐந்தில் நாலரை கிளிசரினாகவும் இருக்கலாம். கிளிசரின் நல்ல பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மருந்துக் கடையில் அது மலிவு.

பெயரைப் பாருங்கள். 'ஆல்ஜே எக்ஸ்ட்ராக்ட்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் எந்தப் பாசி என்று யாருக்கும் தெரியாது. 'கீரைச் சாறு' என்று எழுதிவிட்டு எந்தக் கீரை என்று சொல்லாத மாதிரி. லாமினேரியா டிஜிடேட்டா, கோண்ட்ரஸ் கிரிஸ்பஸ், ஃப்யூகஸ் வெசிகுலோசஸ், கப்பாஃபைகஸ் அல்வரேசி என்று இரட்டைப் பெயர் முழுசாக இருந்தால்தான் தேடிப் படிக்கவாவது முடியும். காராஜீனன், ஆல்ஜின், சோடியம் ஆல்ஜினேட், அகர் என்று வருபவை சாறு இல்லை, பசைகள். க்ரீமைக் கெட்டியாக்கப் போடுபவை. நான் முன்னால் சொன்ன கொழகொழப்பு வேலையை இவையும் செய்யும் என்பதால், 'வெறும் திக்னர்தானே' என்று தள்ள வேண்டியதில்லை.

இந்தியாவில் தயாரான பொருளாக இருந்தால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம், யார் எங்கே தயாரித்தது, இவை கட்டாயம் இருக்க வேண்டும், 2020 அழகுப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. 'வீட்டில் செய்தது, கெமிக்கலே இல்லை' என்று வாட்ஸ்அப்பில் வரும் பாசி ஜெல்லில் இதெல்லாம் இருக்காது. எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை, ஆனால் தண்ணீரும் சர்க்கரையும் கலந்த ஜெல்லைப் பதனப்பொருள் இல்லாமல் டப்பாவில் அடைத்துக் கூரியரில் அனுப்பினால் அது கிருமிகளுக்குப் போட்ட விருந்து. ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வளர்க்கும் தட்டில் இருப்பதே அகர்தானே!

யார் யோசித்துப் போட வேண்டும்

முகப்பரு உள்ளவர்கள் இணையத்தில் தேடினால் 'ஆல்ஜே எக்ஸ்ட்ராக்ட்: 5/5 துளையை அடைக்கும்', 'காராஜீனன்: 5/5' என்று பயமுறுத்தும் அட்டவணைகள் வரும். அந்த எண்களுக்கு வேர், முயலின் காதில் பொருளை எதுவும் கலக்காமலோ கெட்டியாகவோ தடவிப் பார்த்த பழைய சோதனைகள். முயல் காது மனிதத் தோலைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 2006-இல் மனிதர்களிடம் செய்த சோதனையில், அந்தப் பட்டியலில் உள்ள பொருள் கலந்திருக்கிறது என்பதால் மட்டும் தயாரான க்ரீம் பருவை வரவழைப்பதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே அட்டவணையைப் பார்த்து ஓட வேண்டாம். அதே நேரம், எளிதில் பரு வருகிற தோல் என்றால் கனமான பாசி க்ரீமைவிட லேசான ஜெல்லில் தொடங்குங்கள், மூன்று நான்கு வாரம் பாருங்கள், தாடையோரம் சின்னச் சின்னக் குருணைகள் தட்டுப்பட்டால் உங்கள் தோல் பதில் சொல்லிவிட்டது.

அயோடின் பற்றிப் பலரும் கேட்பார்கள். அயோடின் என்ற தனிமமே 1811-இல் பிரான்சில் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டதுதான், ஆகவே பயம் காரணமில்லாமல் வரவில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. காய்ந்த கெல்ப் ஒரு கிராமிலேயே ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கலாம். இது சாப்பிட்டால். முகத்தில் தடவும் அரை கிராம் க்ரீமில், அதிலும் ஒரு சதவீதத்துக்குக் குறைவான சாற்றில், அதிலும் காயமில்லாத தோல் வழியாக உள்ளே போகும் அளவு மிகமிகச் சொற்பம். ஆரோக்கியமானவர்கள் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் தோல் உரிந்து புண்ணாக இருக்கும்போது உறிஞ்சுவது கூடும். தீக்காயத்திலும் பச்சைக் குழந்தைகளிலும் அயோடின் மருந்தைப் பரவலாகத் தடவினால் தைராய்டு பாதிக்கலாம் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எனவே தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் முகத்துக்கு ஒரு க்ரீம் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம், உடம்பு முழுக்கக் கெல்ப் அப்பிச் சுற்றிவிடும் ஸ்பா சமாச்சாரத்தை விட்டுவிடலாம். கைக்குழந்தைக்கு எதுவும் வேண்டாம்.

கன உலோகம் என்பது இன்னொரு கேள்வி, எனக்கு அயோடினைவிட இதில்தான் கவலை. பாசி தண்ணீரில் இருப்பதை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும், ஆர்செனிக், காட்மியம், ஈயம் உள்பட. ஹிஜிகி என்ற ஜப்பானியப் பழுப்புப் பாசியில் கெட்ட வகை ஆர்செனிக் அதிகம் என்பதால் அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பே சொல்லியிருக்கிறது. சுத்தமான கடலில் வளர்த்து, ஒவ்வொரு பேட்சையும் பரிசோதித்துச் சாறு எடுப்பவர்களிடம் இந்தப் பிரச்சினை கட்டுக்குள் இருக்கும். எந்தக் கடல், யார் பரிசோதித்தது என்று கேட்டால் பதில் சொல்லும் கம்பெனியா என்று பாருங்கள், ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால் போதும். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்.

அமெரிக்காவில் அழகுப் பொருட்களின் பாதுகாப்பை ஆராயும் நிபுணர் குழு ஒன்று எண்பதுக்கும் மேற்பட்ட பழுப்புப் பாசிப் பொருட்களை எடுத்துப் பார்த்தது. சிலவற்றைப் பாதுகாப்பானவை என்றது, பெரும்பாலானவற்றுக்குத் தகவல் போதவில்லை என்று எழுதியது. தகவல் போதாது என்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை, பார்த்தவர்கள் குறைவு என்று அர்த்தம். 'நூறு சதவீதம் பாதுகாப்பு' என்று அட்டையில் அடிப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இறால், நண்டு அலர்ஜி இருக்கிறது, பாசி போடலாமா என்று என் தோழி கேட்டாள். பாசியும் இறாலும் வேறு வேறு உயிர்கள், ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மற்றதும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. ஆனால் சரியாகச் சுத்தம் செய்யாத பாசியில் குட்டிக் குட்டிக் கடலுயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அலர்ஜி கடுமையாக உள்ளவர்கள் பொடியாக வரும் பாசியைத் தொட வேண்டாம்.

அந்தப் பொடிக் கதை எனக்கு நேர்ந்தது. ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில் ஒரு கடையில் சங்கு, சோழிகளுக்கு நடுவே 'கடற்பாசி ஃபேஸ்பேக்' என்று ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. நாற்பது ரூபாய். பட்டியல் கிடையாது, தேதி கிடையாது, எனக்கு ஊர்ப்பாசம் கண்ணை மறைத்தது. வீட்டில் தயிரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் விரலால் வட்டமாகத் தேய்த்து எடுத்தேன். இரவு கன்னம் எரிந்தது, காலையில் கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய சிவப்புக் கீறல்கள். மீதிப் பொடியை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கலக்கிச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் மணலும், நகத்துணுக்கு அளவில் சிப்பி ஓட்டுச் சில்லுகளும் மின்னின. கரையில் மணல் மேல் காயவைத்ததை அப்படியே அரைத்துவிட்டார்கள் போல. அன்றிலிருந்து எந்தப் பொடி வாங்கினாலும் முதலில் இந்தத் தட்டுப் பரிசோதனைதான்.

போடும் முறை

புதுப் பொருளை நேராக முகத்தில் போடாதீர்கள். முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஏழிலிருந்து பத்து நாள் தடவிப் பாருங்கள். கழுவி எடுக்கும் மாஸ்க் என்றால் எவ்வளவு நேரம் முகத்தில் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டு 'ஒத்துக்கொண்டது' என்று முடிவு கட்டக் கூடாது, அலர்ஜி சில சமயம் நாலைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

ஒத்துக்கொண்டால், முகம் கழுவி லேசாக ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே பாசி சீரத்தைப் போடுங்கள். மேலே வழக்கமான மாய்ஸ்சரைசர். ஏசி அறையில் நாளெல்லாம் உட்காருபவர்கள் பாசி ஜெல்லை மட்டும் போட்டுவிட்டால் படலம் காய்ந்து முகம் இழுத்துப் பிடிக்கும், 'டைட் ஆகுது, வேலை செய்யுது' என்று சந்தோஷப்படாதீர்கள், அது காய்ந்த பசை. பாசிப் பசை அதிகமுள்ள சீரத்தின் மேல் உடனே சன்ஸ்க்ரீனைத் தேய்த்தால் அழுக்கு உருட்டிய மாதிரி திரி திரியாக வரும். இரண்டு நிமிடம் விட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போட்டால் வராது.

பார்லரில் போடும் ரப்பர் மாஸ்க் இருக்கிறதே, ஒரே உரியாக உரித்து எடுப்பது, அது ஆல்ஜினேட்டும் கால்சியம் உப்பும் சேர்ந்த பொடி. தண்ணீர் பட்டதும் கால்சியம், ஆல்ஜினேட்டின் சங்கிலிகளைப் பிணைத்து ரப்பராக்கிவிடும். பல் டாக்டர் பல்லுக்கு அச்சு எடுக்கப் பயன்படுத்துவதும் இந்த வித்தைதான். வீட்டில் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. போர் தண்ணீரில் கரைத்தால், அதிலேயே கால்சியம் நிறைய இருப்பதால், கிண்ணத்திலேயே கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரை, குளிர்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், பாக்கெட்டில் சொன்ன அளவைப் பொடியின் மேல் ஊற்றி ஒரு நிமிடத்துக்குள் அடித்துக் கலக்கி, கெட்டியாகப் பூசுங்கள். மெல்லிசாகப் பூசினால் உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும். புருவத்திலும் நெற்றி மயிரோரத்திலும் முன்கூட்டியே வாசலின் தடவாவிட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இருபது நிமிடம் போதும். மீந்ததை சிங்க்கில் கழுவி விடாதீர்கள், குழாய்க்குள் ரப்பர் ஆகி நின்றால் பிளம்பர் கூலி மாஸ்க் விலையைத் தாண்டும்.

செலவே இல்லாமல் பாசிப் படலம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? மளிகைக் கடை சைனா கிராஸ் பொடி கால் டீஸ்பூன், தண்ணீர் 100 மில்லி, இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். சர்க்கரை, கலர் எதுவும் சேர்க்காத பொடியாக இருக்கட்டும். அகர் உறையவே 40 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும், ஆகவே உறையாமல் நீராக இருக்கும்போது சூடாக முகத்தில் பூசாதீர்கள், ஒட்டிக்கொண்டு சுடும். முழுக்க ஆறி உறைந்ததும் ஸ்பூனால் மசித்து, பூசி, பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். மீதியைக் கொட்டிவிடுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் பூராவும் ஓட்ட வேண்டாம். எலுமிச்சை, பேக்கிங் சோடா என்று கைவசம் இருப்பதையெல்லாம் அதில் சேர்க்கவும் வேண்டாம். தோட்டக் கடையில் கேன்களில் விற்கும் கடற்பாசித் திரவத்தை முகத்துக்குப் போடலாமா என்று கேட்டவரும் உண்டு, அது பயிருக்கு அடிக்கும் உரம், ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள்.

ரெட்டினால், அமிலப் பீல் எதையாவது புதிதாகத் தொடங்கிய அதே வாரத்தில் பாசியையும் தொடங்காதீர்கள், எரிந்தால் யார் மேல் பழி போடுவது என்று தெரியாது. எரிச்சல், அரிப்பு, தடிப்பு என்று வந்தால் வெறும் தண்ணீரில் கழுவி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சாதா மாய்ஸ்சரைசர் மட்டும் இரண்டு மூன்று நாள். உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு இழுத்தால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனை.

தடிப்பு அடங்காமல் தோல் மருத்துவரிடம் போகிறீர்கள் என்றால் டப்பாவையும் அட்டைப் பெட்டியையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பட்டியல் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும், நாம் பெட்டியைத்தான் முதல் நாளே குப்பையில் போடுவோம். பாசிதான் காரணமா, வாசனைப் பொருளா, பதனப்பொருளா என்று அவர் ஒட்டுச் சோதனை செய்து பார்க்க அந்தப் பெயர்கள் வேண்டும். என் அனுபவத்தில் முக்கால்வாசி நேரம் மாட்டிக்கொள்வது வாசனைப் பொருள்தான். உரிம எண்ணையும் பேட்ச் எண்ணையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுத நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.